பங்கீடு என்னும் சாட்டை

"பொருள் அவனுடையது, அதை யாருக்கு எத்தனை கொடுப்பது என்பதும் அவனுடைய விருப்பம். இதில் பிறர் தலையிட என்ன இருக்கிறது?" என்று கேட்போர் இன்று பெருகிவிட்டனர். மக்கள் மிக விரும்பும் கார்களைக் கம்பெனிகள் தம் டீலர்களுக்கு அளந்தளந்து கொடுப்பது பற்றிப் பேச்செழும் போதெல்லாம் இவ்வாதமே முன்வைக்கப்படுகிறது. 'சுதந்திரச் சந்தை' என்று இதற்கோர் அழகிய பெயரும் சூட்டப்படுகிறது. பெயர் அழகியதே. அப்பெயருக்குரிய பொருள் இச்செயலில் உண்டா என்பதுதான் கேள்வி.

குறைவாக உற்பத்தி செய்வதே குற்றம் என்று யாமுரைக்கவில்லை. இத்தாலி நாட்டு ஃபெராரி கம்பெனி, கேட்போர் தொகையைவிடக் குறைவாகவே கார்களைச் செய்வதைத் தன் வழக்கமாகக் கொண்டுள்ளது. அது செல்வர்களின் விளையாட்டு, போகட்டும். 2022 ஜூலை 30ஆம் நாள் மகிந்திரா கம்பெனி ஸ்கார்பியோ-என் வண்டிக்குப் பதிவைத் திறந்தபோது அரை மணி நேரத்தில் ஓர் இலட்சம் பேர் பதிந்தனர். மின்னணுச் சில்லுகளுக்கு உலகெங்கும் பஞ்சம் நிலவிய காலம் அது. அத்தனை பேருக்கும் உடனே வண்டி கொடுக்க எவராலும் இயலாது. இவ்வாறு நேரும் தட்டுப்பாட்டை எவரும் பழிப்பதற்கில்லை. தட்டுப்பாடு ஒன்று, தட்டுப்பாட்டைக் கையில் எடுத்துக்கொண்டு டீலரை அடக்கியாள்வது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பித்தான் நம் எதிர்வாதிகள் வெற்றி காண்கின்றனர்.

அம்பாசடர், ஃபியட் என்னும் இரண்டு மூன்று பெயர்களே கார்ச் சந்தை முழுவதுமாய் இருந்த நாள்களைப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்ததும், முறை வந்தவுடன் அவ்வண்டியைக் கூடுதல் விலைக்குக் கைமாற்றியதும் ஊரறிந்த கதை. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 1993இல் கார்த் தொழிலுக்கு உரிமக் கட்டுப்பாடு நீங்கியது. இனிப் போட்டி வரும், வரிசை ஒழியும் என்று நம்பினோம். வண்டிகளும் பெருகத்தான் செய்தன. ஆனால் அன்று சர்க்காரின் கையிலிருந்த பங்கீட்டு அதிகாரம் ஒழிந்துபோகவில்லை; கம்பெனியின் கைக்கு மாறிற்று.

ஒரு டீலரின் நிலையை எண்ணிப் பாருங்கள். வங்கியில் கடன் வாங்கி ஷோரூம் கட்டுகிறார். ஐம்பது அறுபது பேரை வேலைக்கு அமர்த்துகிறார். அவர் விற்பது ஒரே கம்பெனியின் வண்டிகளை. அவற்றுள் நாலு ரகம் நகராமல் நிற்கும்; ஒரு ரகத்துக்குத்தான் கூட்டம் வரும். அந்த ஒரு ரகத்தில் அவருக்கு மாதத்திற்கு எத்தனை என்று தீர்மானிப்பது கம்பெனி. இந்த மாதம் அவர் பத்தாயிரம் ரூபாய் விட்டுக்கொடுத்து விற்று, அடுத்த மாதம் அவருடைய பங்கு இருபதிலிருந்து எட்டாகக் குறைந்தால், அவருக்கு எழுத்தில் ஓர் உத்தரவு வேண்டுமா? பக்கத்து ஊர் டீலரும் அதைக் கண்டு பாடம் கற்றுக்கொள்வார். பிறகு விருதுநகரில் கேட்டாலும் ஒரே விலை, மதுரையில் கேட்டாலும் ஒரே விலை, திருநெல்வேலியிலும் அதே விலை. வாடிக்கையாளர் மூன்று கடை ஏறி இறங்கலாம். மூன்றும் ஒரே கடைதான்.

இது வெறும் ஊகமன்று. இந்தியப் போட்டி ஆணையம் 2021 ஆகஸ்டில் மாருதி சுசுகிக்கு 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. கம்பெனி வரையறுத்த தள்ளுபடிக்கு மேல் டீலர் ஒரு ரூபாயும் குறைக்கலாகாது. வாடிக்கையாளர் போல் வேடமிட்டு வேவு பார்க்க ஆள்கள். மீறியது தெரிந்தால் அபராதம். வண்டி வரத்து நிறுத்தப்படும் என்ற அச்சுறுத்தல். ஆணையம் கண்ட குற்றங்கள் இவை. கம்பெனி அதை எதிர்த்து மேல்முறையீட்டுக்குச் சென்றது. நம் இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்யும் ஹூண்டாய் மீதும் 2017இல் இதே வகைக் குற்றத்துக்காக 87 கோடி ரூபாய் அபராதம் விழுந்தது. 2018இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதைத் தள்ளிவிட்டது. அதையும் மறைக்காமல் சொல்வதே நியாயம். சுதந்திர வாணிபத்தின் தாயகம் என்று புகழப்படும் அமெரிக்காவிலேயே, லாஸ் ஏஞ்சலஸ் நகரில் தள்ளுபடிக் கடைகளுக்கு ஷெவர்லே கார்கள் போய்ச் சேராதபடி ஜெனரல் மோட்டார்ஸ் தன் டீலர்களோடு சேர்ந்து வழியடைத்தது. அது வாணிபத்தைக் கட்டும் கூட்டுச்சதி என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1966இல் தீர்ப்பளித்தது. 'பொருள் என்னுடையது' என்ற வாதம் அங்கும் எடுபடவில்லை.

"பிடிக்காவிட்டால் வேறு கார் வாங்கிக்கொள்ளட்டுமே!" என்பர். விருதுநகரில் வாழ்ந்துகொண்டு இதைச் சொல்வதற்கு ஒரு துணிவு வேண்டும். இங்கே ஒரு கமிஷன் மண்டியில் வத்தல் படியவில்லை என்றால் அடுத்த மண்டிக்கு நடந்து போகிறான் வியாபாரி. தீப்பெட்டியின் கதை இன்னும் தெளிவானது. கடன் கொடுத்து நாடு நாடாகத் தீப்பெட்டி ஏகபோகத்தை வாங்கிய சுவீடன் நாட்டுக் கம்பெனி, இந்தியாவில் விம்கோ என்னும் பெயரில் ஆலைகள் நிறுவிற்று. சிவகாசியிலிருந்து பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பினர். அதன்பின் இவ்வட்டாரத்தில் சிறு ஆலைகள் ஒன்று பலவாகப் பெருகவே, எந்த ஒரு முதலாளியும் கடைக்காரரை மிரட்ட இயலாமற் போயிற்று. பட்டாசிலும் அவ்வாறே, ஓர் ஆலை சரக்கில்லை என்றால் அடுத்த ஆலை உண்டு. கார் டீலருக்கு அந்த அடுத்த ஆலை எங்கே இருக்கிறது? தன் முதல் முழுவதையும் ஒரே பெயர்ப்பலகையின் கீழ்ப் புதைத்துவிட்டவரல்லவா அவர்!

நம்மவருள் சிலர் மார்க்கத்தையும் இவ்வாதத்துக்குத் துணையாக அழைக்கின்றனர். மதீனாவில் விலையேறியபோது விலை நிர்ணயம் செய்து தரும்படி தோழர்கள் வேண்டியும் பெருமானார் (ஸல்) அவர்கள் மறுத்துவிட்டார்கள் அன்றோ, என்கின்றனர். உண்மையே. ஆயினும் அதே பெருமானார், சரக்கோடு வரும் வணிகக் கூட்டம் சந்தையை அடையுமுன் ஊருக்கு வெளியே எதிர்சென்று கொள்முதல் செய்வதையும் தடுத்தார்கள். விலையைச் சந்தையே தீர்மானிக்கட்டும் என்று விட்டவர்கள், அத்தீர்மானம் நிகழுமுன் சரக்கை வளைப்பதை விடவில்லை. இவ்விரண்டையும் சேர்த்து ஓதினால்தான் பாடம் நிறைவுறும். பதுக்கலாகிய இஹ்திகார் உணவுப் பொருளுக்கே உரியது என்று நம் ஷாஃபிஈ கிதாபுகள் வரையறுப்பது மெய்தான், கார் உணவன்று. எனினும் எதைப் பிடித்து வைத்தால் மக்களுக்கு இடர் நேருமோ அதெல்லாம் இஹ்திகாரே என்றார் இமாம் அபூயூசுஃப் (ரஹ்). வெள்ளியும் துணியும்கூட அதில் அடங்கும் என்பது அவர் கருத்து. இரண்டாம் நூற்றாண்டு ஹிஜ்ரியில் நீதிபதியாய் அமர்ந்து வழக்குக் கேட்டவர் அவர்.

வாங்குவோர் வீட்டுக்கு இது எவ்வாறு வந்து சேர்கிறது என்பதற்கு ஒன்று சொல்வேன். எமக்குத் தெரிந்த குடும்பமொன்று, டயாலிசிஸ் செய்துகொள்ளும் தாயாரை வாரம் இருமுறை மதுரைக்கு அழைத்துச் செல்லவென்று ஒரு வண்டிக்குப் பதிந்தது. காத்திருப்பு எட்டு மாதம் என்றார்கள். காப்பீட்டையும், நாற்பதினாயிரம் ரூபாய்க்கு உறை, விரிப்பு, அலங்காரங்களையும் அங்கேயே எடுத்துக்கொண்டால் மூன்று வாரத்தில் கிடைக்கும் என்று காதோடு சொன்னார்கள். காப்பீட்டை எங்கும் எடுத்துக்கொள்ளலாம் என்பது வாங்குவோரின் உரிமை. நோயாளியை வைத்துக்கொண்டு உரிமை பேச முடியுமா? பணத்தைக் கட்டினார்கள். அவ்விற்பனையாளரையும் முழுதும் பழிக்க எமக்கு மனம் வரவில்லை. வண்டி விலையில் அசைய இடமின்றிக் கட்டப்பட்டவர் விரிப்பிலும் உறையிலும் தேடுகிறார்.

2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு, ஒன்றோடு ஒன்றைக் கட்டி விற்பதையும், மறுவிற்பனை விலையைக் கட்டுவதையும், போட்டிக்குக் கணிசமான கேடு விளையுமிடத்துத் தடுக்கிறது. சட்டம் இருக்கிறது, ஆதாரந்தான் கம்பெனியின் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கிறது. ஒவ்வொரு டீலருக்கும் எந்த ரகத்தில் எத்தனை வண்டி, எந்தக் கணக்கின்படி கொடுக்கப்பட்டது என்பதை மாதந்தோறும் எழுத்தில் வெளியிடச் செய்ய வேண்டும். பதிந்தவரின் வரிசை எண்ணும், அவருக்கு முன் வண்டி பெற்றவர்களின் எண்களும் ஷோரூம் சுவரில் தொங்க வேண்டும். ரேஷன் கடை வாசலில் இருப்பு எவ்வளவு என்று எழுதிப் போடும்படி கேட்கும் நாட்டில் இது பெரிய கோரிக்கையன்று. கணக்கு நேர்மையானது என்றால் அதைக் காட்டுவதில் கம்பெனிக்கு என்ன நட்டம் என்பதை அவர்களே சொல்லட்டும்.