சராசரி மறைக்கும் மின்தடை

செய்யார், ஆரணி வட்டாரப் பட்டு நெசவாளருக்கு மின்சாரத்தில் அரசு செய்திருக்கும் உதவி சிறிதல்ல. கைத்தறிக்கு இரு மாதத்துக்கு 200 யூனிட்டாக இருந்த இலவசம் 2023இல் 300 ஆனது. அந்த 300 யூனிட் எந்த நேரத்தில் வந்து சேரும் என்பதற்குத்தான் உத்தரவாதம் இல்லை. ஜக்கார்டைத் தூக்க மோட்டார் பொருத்திய தறியில் மின்சாரம் நின்றால் வேலை நிற்கும். மோட்டார் இல்லாத குழித்தறியிலும், வெளிச்சம் போனால் அறுந்த பாவு இழையைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போட முடியாது. கூலியோ சேலைக்குத்தான், நேரத்துக்கு அல்ல. ஒரு மணி நேர மின்தடை மாதச் சம்பளக்காரருக்கு வியர்வை. நெசவாளருக்கு வருமான இழப்பு.

2003 மின்சாரச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, சேவைத் தரத்தை வகுக்கவும் தவறினால் இழப்பீடு நிர்ணயிக்கவும் ஒழுங்குமுறை ஆணையத்துக்கு அதிகாரம் தருகிறது. 59ஆம் பிரிவு அந்த விவரங்களை ஆண்டுக்கு ஒருமுறையாவது வெளியிடச் சொல்கிறது. வெளியிடும் எண் பெரிய பரப்பின் சராசரியாக இருந்தால், நகரத்தின் நல்ல ஃபீடர் (துணை மின்நிலையத்திலிருந்து ஒரு பகுதிக்கு மின்சாரம் கொண்டுபோகும் தடம்) கிராமத்தின் மோசமான ஃபீடரை மூடிவிடும். இழப்பீடும் கேட்டுப் பெறுவதாக இருக்கும்வரை, மனு எழுதத் தெரிந்தவருக்கும் குறைதீர் மன்றத்துக்காக ஒரு நாள் வேலையை விட முடிந்தவருக்குமே போய்ச் சேரும். வாடகை வீட்டில் தறி போட்டவருக்கு இணைப்பே வீட்டுக்காரர் பெயரில். புகார் வராத ஊரில் குறையில்லை என்று எடுத்துக்கொள்வது நம் மின்துறையின் பழைய சோம்பல்.

ஏற்றத்தாழ்வைக் குறைப்பது அரசின் வேலை, ஆணையத்துக்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. மானியத்தைப் பொறுத்தவரை சரி. 65ஆம் பிரிவே அதை அரசிடம் விட்டிருக்கிறது. தரத்தை அப்படி யாரிடமும் தள்ளிவிட முடியாது. ஸ்மார்ட் மீட்டர் வரட்டும் என்பதும் சாக்குதான்: ஃபீடரின் மின்தடையைத் துணை மின்நிலையத்திலேயே அளக்கலாம். தொலைவிலிருந்து கண்காணிக்க முடிந்த குறைகளுக்கு இழப்பீடு தானாகவே தரப்பட வேண்டும் என்று 2020 டிசம்பரில் வந்த மின் நுகர்வோர் உரிமை விதிகளும் சொல்கின்றன. கனமான மறுப்பு ஒன்றே ஒன்று: கடனில் இருக்கும் பகிர்மானக் கழகம் கொடுக்கும் இழப்பீடு கடைசியில் கட்டணத்தில் ஏறி, நெசவாளர் தலையிலேயே விழும். அந்தத் தொகையைக் கட்டணக் கணக்கில் ஏற்காமல் இருக்க ஆணையத்தால் முடியும். அரசு நிறுவனம் என்பதால் இழப்பு கருவூலத்துக்குப் போகும் என்பார்கள். போகட்டும், எந்த ஃபீடரைச் சரிசெய்யாததால் போனது என்று அப்போதாவது தெரியவரும்.

அடுத்த கட்டண விசாரணைக்குக் கருத்து எழுதும் வாசகர்கள் ஒரு கோரிக்கையைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: திருவண்ணாமலை மாவட்டத்தின் மின்தடைக் கணக்கை ஃபீடர் வாரியாக, பகல் நேரத்தைத் தனியாகப் பிரித்து, ஆணையம் வெளியிட வேண்டும்.