வட்டுகளைத் தூக்கி எறியாதீர்கள்

"இணையத்தில்தான் எல்லாம் கிடைக்கிறதே, இந்த இறுவட்டுகளை இன்னும் எதற்காகக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள்?" என்று கேட்போர் இன்று பெருகிவிட்டனர். அவர்களுக்கு இரண்டு இசைத்தொகுப்புகளின் கதையைச் சொன்னாற் போதும்.

அமெரிக்காவின் டீ லா சோல் குழுவினரது 'த்ரீ ஃபீட் ஹை அன்ட் றைசிங்' 1989 ஆம் ஆண்டு வெளிவந்தது. ஹிப்ஹொப் வரலாற்றை எழுதும் எவரும் அதனைத் தாண்டிச் செல்லமுடியாது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகமே தனது தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் அதனைச் சேர்த்துக்கொண்டது. ஆயினும், 2023 மார்ச் 3 ஆம் திகதி வரை பெரிய இணைய இசைச் சேவை எதிலும் அது இருக்கவில்லை. பழைய இசைத்தட்டுகளிலிருந்து எடுத்த ஒலித்துண்டுகளாற் பின்னப்பட்ட தொகுப்பு அது. அத்துண்டுகளுக்கான அனுமதிகள் பெறப்பட்ட காலத்தில் இணைய விற்பனையை எவரும் கனவிலும் நினைக்கவில்லை. 2014 பெப்ரவரியில் குழுவினர் தமது தொகுப்புகளை 25 மணித்தியாலங்களுக்கு இலவசமாகவே வழங்கினர். அவர்களுள் ஒருவரான டேவிட் ஜோலிகூர், தமது இசை சேவைகளுக்கு வந்த நாளைக் காணாமலே 2023 பெப்ரவரியில் மறைந்தார்.

பிஸ் மார்க்கியின் 'ஐ நீட் எ ஹெயார்கட்' தொகுப்புக்கு நேர்ந்தது இதனினும் கொடிது. கில்பர்ட் ஓ'சலிவனின் பாடலொன்றிலிருந்து அனுமதியின்றித் துண்டெடுத்தமைக்காக, 1991 டிசெம்பரில் நியூயோர்க் நீதிமன்றம் தடை விதித்தது. தொகுப்பு கடைகளிலிருந்து மீளப்பெறப்பட்டது. பின்னர் அந்தப் பாடல் இல்லாமலே அது வெளிவந்தது. முழுமையான தொகுப்பு வேண்டுமாயின் முதற்பதிப்பைத்தான் தேடவேண்டும்.

பழைய பத்திரிகையொன்றில் ஒரு பத்தியை நீக்கிவிட்டு, அதே திகதியுடன் மீண்டும் அச்சிட்டால் அதனை மோசடி என்போம். இசையில் மட்டும் அதற்கு 'மறுவெளியீடு' என்று பெயர்!

சரி, வட்டை அலுமாரியில் பூட்டிவைத்தாற் போதுமா? போதாது. இங்கிலாந்தின் பிளக்பேர்ன் நகரிலிருந்த பி.டி.ஓ. தொழிற்சாலையில் 1988 முதல் 1993 வரை தயாரான வட்டுகளிற் பல, காலப்போக்கில் வெண்கல நிறமடைந்து பழுதாகின. ஹிப்ஹொப்பின் பொற்காலம் எனப்படும் ஆண்டுகளும் ஏறத்தாழ அவையே. ஆகவே, வட்டு வாசிக்கத்தக்க நிலையில் இருக்கும்போதே பிரதியெடுக்கவேண்டும்.

அதனையும் ஒழுங்காகச் செய்யவேண்டும். இறுவட்டின் ஒலி செக்கனுக்கு 1411 கிலோபிட். 128 கிலோபிட் எம்.பி.3 கோப்போ அதில் பதினொன்றில் ஒரு பங்கையே வைத்துக்கொள்கிறது. "என் காதுக்கு வித்தியாசம் தெரியவில்லையே" என்பார்கள். உயர்தர எம்.பி.3 ஆயின் என் காதுக்கும் தெரியாது. ஆனால் இது காதின் பிரச்சினை அன்று, ஆவணத்தின் பிரச்சினை. எறியப்பட்ட தகவல் திரும்பி வராது. எம்.பி.3 கோப்பை ஃப்ளாக் ஆக மாற்றி 'இழப்பற்றது' என்று பெருமைப்படுவது, நிழற்படப் பிரதியை மூலப்பிரதி என்பதற்கு ஒப்பாகும்.

2001 இல் வெளிவந்த ஃப்ளாக் வடிவம் இலவசமானது. ஒரு பிட்டையும் இழக்காமல் கோப்பைச் சுருக்குவது. எக்ஸாக்ட் ஓடியோ கொப்பி என்ற மென்பொருள் ஐயத்துக்குரிய பகுதிகளைத் திரும்பத் திரும்ப வாசித்து ஒப்பிடும். அக்கியுரேட்றிப் தரவுத்தளம், அதே பதிப்பைப் பிரதியெடுத்த ஏனையோரின் முடிவுகளோடு நமது பிரதியைச் சரிபார்க்கும். இதற்குமேல் என்ன வசதி வேண்டும்? பிரதி இரண்டாக இருக்கட்டும். வட்டின் அட்டையையும் பதிப்பெண்ணையும் சேர்த்து வையுங்கள். எந்தப் பதிப்பு என்று தெரியாத பிரதி, திகதியில்லாத கடிதம் போன்றது.

திருட்டுப் பிரதிகளுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. காசு கொடுத்து வாங்கிய வட்டைப் பாதுகாப்பதைப் பற்றியே பேசுகிறேன். அதற்குக்கூடப் பிரித்தானியா 2014 இல் அளித்த சட்ட அனுமதியை, இசைத்துறையினர் தொடுத்த வழக்கில் 2015 இல் நீதிமன்றம் இரத்துச் செய்தது. தாம் விற்றதைத் தாமே பேணாத நிறுவனங்கள், பேணுபவனையும் விடமாட்டா போலும்.

இணைய இசைச் சேவை நூலகம் அன்று, அது கடை. விற்கமுடியாத சரக்கைக் கடைக்காரன் வைத்திருக்கமாட்டான். வரலாற்றை அவனிடம் ஒப்படைத்துவிட்டு நாம் நிம்மதியாக உறங்க முடியுமா?