சதுப்பு நிலத்துக்கும் கணக்கு எழுதுங்கள்

சென்னையின் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் புதிய கட்டுமானங்களுக்கு அனுமதி கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2025இல் உத்தரவிட்டதும் பெரும் கூக்குரல் எழுந்தது. முடங்கிய முதலீடு எவ்வளவு, நின்றுபோன அடுக்ககங்கள் எத்தனை என்று கணக்குக் காட்டினார்கள். அந்தச் சதுப்பு செய்துவரும் வேலையின் மதிப்பு எந்தக் கணக்கிலும் இல்லை.

பெரும்பாக்கத்தில் மனை வாங்கப் போனால் அதன் வழிகாட்டி மதிப்பைப் பத்திரப் பதிவுத் துறை உடனே சொல்லிவிடும். முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரிநீரைத் தாங்கி, ஒக்கியம் மடுவு வழியாக வெளியேற்றும் சதுப்புக்கோ திட்ட வரைபடத்தில் ஒரு நிறம் மட்டுமே.

நியூயார்க் இதை வேறு விதமாகக் கையாண்டது. குடிநீருக்கு வடிகட்டும் ஆலை கட்ட 600 முதல் 800 கோடி டாலர் ஆகும், பராமரிப்புக்கு ஆண்டுதோறும் சுமார் 30 கோடி டாலர் தனி என்று 1990களில் கணக்கிட்டார்கள். நீர் வரும் கேட்ஸ்கில் மலைகளைக் காக்க ஆகும் செலவையும் பக்கத்தில் எழுதிப் பார்த்தார்கள்: சுமார் 150 கோடி. 1997இல் மலையூர்களுடன் ஒப்பந்தம் போட்டு, நிலம் வாங்கி, விவசாயிகளுக்கு உதவி, ஆலைச் செலவைத் தவிர்த்தார்கள். அந்த ஊரின் குடிநீரில் பெரும்பகுதி இன்றும் அந்த ஆலை இல்லாமலே வருகிறது. இரண்டு தொகைகளை அருகருகே எழுதியதால் வந்த புத்தி அது.

‘இயற்கைக்கு விலையா?’ என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். விலை எழுதாத நிலம் சென்னையில் இலவச நிலம். பெருங்குடி குப்பைக் கிடங்கும் அரசு வளாகங்களும் சதுப்புக்குள் நுழைந்தது அப்படித்தான். ‘வளர்ச்சி தடைபடும்’ என்போருக்கு வேளச்சேரி மேம்பாலமே பதில். 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே அதன் ஓரங்களில் கார்கள் வரிசைகட்டின. என்ஜினுக்குள் தண்ணீர் புகுந்தால் என்ன செலவாகும் என்பது அந்தக் குடும்பங்களுக்குத் தெரியும். சதுப்பு சுருங்கியதற்கான பில்லை அவர்கள்தான் கட்டுகிறார்கள். கட்டி விற்றவர்கள் அல்ல.

ஒரு எச்சரிக்கை. காடுகளுக்கு ஹெக்டேருக்கு 4.38 லட்சம் முதல் 10.43 லட்சம் ரூபாய் வரை நிகர மதிப்பை உச்ச நீதிமன்றம் 2008இல் நிர்ணயித்தது. காட்டை வேறு பயனுக்கு எடுப்பவர் பணத்தைக் கட்டிவிட்டு வெட்டலாம் என்றானது. சதுப்புக்கு எழுதும் மதிப்பு அப்படி விற்பனைச் சீட்டாகக் கூடாது. அனுமதி மறுப்பதற்கான ஆதாரமாக வேண்டும்.

சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.) தயாரிக்கும் மூன்றாவது முழுமைத் திட்டத்தில் ஒவ்வொரு ஏரிக்கும் சதுப்புக்கும் எதிரே, அது அழிந்தால் ஆகும் வெள்ளச் சேதத்தையும் வடிகால் செலவையும் ரூபாயில் எழுத வேண்டும். எழுதிவிட்டால், அதன் பிறகு அங்கே கட்ட அனுமதிக் கையெழுத்துப் போட எந்த அதிகாரிக்கும் எளிதில் துணிவு வராது. 2015 போன்ற இன்னொரு வெள்ளத்தைச் சென்னை பார்க்கும் அபாயமும் குறையும்.