நன்றிக்கடனும் மருந்துச் சீட்டும்

“என்ன தோழர், டாக்டர மாத்திட்டீங்களாமே?”

இரண்டு வருடமாக இந்தக் கேள்வி என்னைத் துரத்துகிறது. நாகப்பட்டினம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் கேட்டார்கள். டிசம்பர் 25 அன்று வெண்மணிக்குப் போன இடத்திலும் ஒருவர் காதோரம் வந்து கேட்டார். “அவரு நம்ம ஆளாச்சே. ஒங்ககிட்ட ஃபீஸ்கூட வாங்க மாட்டாரே. மாத்திரை வீடு தேடி வருதுன்னு ஒரு சௌகரியத்துக்காக அவர விட்டுட்டு வரலாமா?” இதில் கேள்வி கொஞ்சம், தீர்ப்பு அதிகம். நான் நன்றி கெட்டவன் என்பதே தீர்ப்பு.

ஆமாம் தோழர்களே, சௌகரியத்துக்காகத்தான் மாற்றினேன். அந்தச் சொல்லைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. வெட்கப்பட வேண்டியவர்கள் யார் என்று பேசத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு வயது 58. கீழ்வேளூர் பக்கம் ஒரு சேரி. பதினோரு வருடமாகச் சுகர், பிரஷர். காலையும் இரவும் மெட்ஃபார்மின், தினம் ஒரு அம்லோடிபின். ஒன்பது வருடம் டவுனில் ஒரு டாக்டரிடம் போய்க்கொண்டிருந்தேன். பெயர் வேண்டாம். அந்த ஆள்மேல் எனக்குப் பகை இல்லை, அந்த முறைமேல்தான் பகை. முற்போக்கானவர். நம் மேடைகளில் பேசுவார், நன்கொடை தருவார். என்னிடம் ஃபீஸ் வாங்க மாட்டார். எல்லாம் உண்மை.

ஆனால் மாதாமாதம் போக வேண்டும். சாயங்காலம் நாலு மணிக்குப் போய் உட்கார்ந்தால், ஃபீஸ் கட்டிய டோக்கன் எல்லாம் முடிந்த பிறகு எட்டு, ஒன்பது மணிக்குக் கூப்பிடுவார்கள். உள்ளே இரண்டு நிமிடம். “எப்படி இருக்கீங்க தோழர், இயக்கம் எப்படிப் போகுது?” இயக்கத்தின் உடல்நலம் விசாரிக்கப்படும். என் உடல்நலத்துக்குப் பழைய சீட்டைப் பார்த்துப் புதிய சீட்டு. அதே மூன்று மாத்திரை, முப்பது நாளைக்கு. அந்தக் கிறுக்கலைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் பக்கத்து மெடிக்கலில் இருக்கும் பையன். வேறு கடையில் நீட்டினால் திருப்பித் தந்துவிடுவார்கள்.

ஒருமுறை கேட்டேன், மூன்று மாதத்துக்குச் சேர்த்து எழுதித் தரக்கூடாதா என்று. சிரித்துக்கொண்டே சொன்னார்: “வராம இருந்தா நம்மள மறந்துடுவீங்க தோழர்.” நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இன்னும் என்னை அறுக்கிறது.

அன்றைக்குக் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு நடுராத்திரியில் வீடு வந்தேன். மறுநாள் வேலைக்குப் போக முடியவில்லை. நடவு வேலைக்குப் போகிற என் துணைவி ஒரே வரியில் கணக்கை முடித்தாள். “ஃபீஸ் வாங்கலங்கிறீங்க. ஒங்க ஒரு நாள் கூலிய வாங்கிக்கிட்டாரே, அத எந்தக் கணக்குல எழுதுறது?”

அந்தக் கணக்கு தஞ்சை மண்ணுக்குப் புதிதல்ல. பண்ணையாள் முறையின் உயிர் எது? சாட்டை மட்டுமா? சாட்டைக்கு அடுத்த பக்கத்தில் தயவு இருந்தது. பொங்கலுக்கு ஒரு வேட்டி, மழைக்காலத்தில் கடன் நெல், சாவுக்குக் கொஞ்சம் பணம். கூலி என்று கேட்டால் உதை. தயவு என்று கையேந்தினால் கிடைக்கும். கொடுத்ததற்கு ஈடாக அவர்கள் கேட்டது நன்றி. நன்றி என்றால் கூப்பிட்ட நேரத்தில் வந்து நிற்பது. சவுக்கடிக்கும் சாணிப்பாலுக்கும் எதிராக 1940-களில் கீழத்தஞ்சையில் எழுந்த போராட்டம், இந்த நன்றிக்கும் எதிரான போராட்டம்தான். 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968-இல் கூலி கேட்ட சேரியில், ஒரு குடிசைக்குள் 44 பேரை உயிரோடு எரித்தார்கள். அடுத்த வருடம் கூலியை நிர்ணயிக்கச் சட்டம் வந்தது. தயவைக் கூலியாகவும், கூலியைச் சட்டமாகவும் மாற்ற நாம் கொடுத்த விலை அது. அந்த மண்ணில் இருந்துகொண்டு, இலவச வைத்தியம் பார்த்தவருக்கு விசுவாசமாக இரு என்று எனக்குப் பாடம் நடத்துகிறீர்களா?

சட்டம் என்ன சொல்கிறது என்று மாணவத் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளில் 65-வது விதி. சீட்டில் நோயாளியின் பெயர், முகவரி, மருந்தின் மொத்த அளவு, சாப்பிடும் அளவு, தேதி, கையெழுத்து எல்லாம் இருக்க வேண்டும். ஒரு சீட்டுக்கு ஒருமுறைதான் மருந்து தரலாம். ஆனால் எத்தனை முறை, எவ்வளவு இடைவெளியில் தரலாம் என்று டாக்டர் அதிலேயே எழுதிவிட்டால், அத்தனை முறையும் தரலாம். ஆக, மூன்று மாதச் சீட்டுக்குச் சட்டம் தடையில்லை. பேனா முனையில் இருக்கிறது என்னுடைய ஒரு நாள் கூலி. மருத்துவக் கவுன்சிலின் 2002 நெறிமுறை, கம்பெனிப் பெயரை விட்டு மருந்தின் பொதுப்பெயரை எழுதச் சொன்னது. 2016-இல் அதைத் திருத்தி, படிக்கிற மாதிரி, முடிந்தால் பெரிய எழுத்தில் எழுதுங்கள் என்றார்கள். 2023 ஆகஸ்ட் 2-இல் தேசிய மருத்துவ ஆணையம் பொதுப்பெயரைக் கண்டிப்பாக்கியது. டாக்டர்கள் எதிர்த்தார்கள். அதே மாதம் 23-ஆம் தேதி நிறுத்தி வைத்துவிட்டார்கள். மூன்று வாரம்தான் தாங்கியது.

இப்போது நான் போவது பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பெயர் பதிந்தேன். பிரஷர் கருவியோடு ஒரு அம்மா வீட்டுக்கே வருகிறார். அளந்து பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார். சேரிக்குள் வந்து, என் திண்ணையில் உட்கார்ந்து, என் கையைப் பிடித்து.

அண்ணல் அம்பேத்கர் எடுத்துச் சொன்ன கத்தியவார் பள்ளி ஆசிரியரின் கதை உங்களுக்குத் தெரியும். 1929 டிசம்பர் 12-ஆம் தேதி ‘யங் இந்தியா’வில் வெளிவந்த கடிதம். பிள்ளை பெற்ற மனைவிக்கு உடம்பு முடியவில்லை. சேரிக்குள் வர டாக்டர் மறுத்தார். ஊர்ப் பெரிய மனிதர் இரண்டு ரூபாய் ஃபீஸுக்கு உத்தரவாதம் சொன்ன பிறகுதான் வந்தார். பச்சைப் பிள்ளையோடு அந்த அம்மாவைச் சேரிக்கு வெளியே கொண்டுவர வைத்தார். தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிம் கையில் கொடுத்து, அவர் கணவரிடம் கொடுத்து, கணவர் மனைவிக்கு வைத்தார். அதே வழியில் அது திரும்பிப் போனது. அந்த அம்மா செத்துப் போனார். வீடு தேடி வரும் மருந்தைச் ‘சௌகரியம்’ என்று இளக்காரமாகச் சொல்கிறவர்கள், அந்தத் தெர்மாமீட்டர் கைமாறிய தூரத்தை ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முதல் நாள் சுகாதார நிலையத்தில் இருந்த இளம் டாக்டர், “செருப்பக் கழட்டுங்க ஐயா” என்றார். என் காலைத் தூக்கித் தன் பக்கம் வைத்துக்கொண்டு, விரல் இடுக்கை விரித்துப் பார்த்தார். நான் கூசிப் போனேன். இரண்டு விரலுக்கு நடுவே சேத்துப்புண். எனக்கு வலியே தெரியவில்லை. வலி தெரியாததுதான் ஆபத்து என்றார். சுகரில் நரம்பு மரத்துப்போகும், முள் தைத்தாலும் உறைக்காது, புண் ஆறாது, கடைசியில் விரலையோ காலையோ எடுக்க வேண்டி வரும் என்றார். சேற்றில் நிற்பதே பிழைப்பான நமக்கு இதைவிட முக்கியமான சேதி எது? ஒன்பது வருடத்தில் என் காலை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை நம்ம ஆள். அவர் தீண்டாமை பார்த்தார் என்று நான் சொல்லவில்லை. மேடையில் என் கையைப் பிடித்துக் குலுக்கியவர்தான். அறைக்குள் என் கால் அவர் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். வருணத்தில் காலுக்குக்கூட இடமில்லாமல் வெளியே நிறுத்தப்பட்டவர்கள் நாம். நம் காலை யார் பார்க்கிறார்கள் என்பது அரசியல் இல்லையா?

“அந்தப் புது டாக்டர் என்ன சாதி?” என்று ஒரு தோழர் கேட்டார். எனக்குத் தெரியாது. என் காலைப் பார்த்தவரிடம் அதைக் கேட்கத் தோன்றவில்லை.

ஒரு எச்சரிக்கை. கேட்டதை எழுதித் தருகிற டாக்டரைத் தேடிப் போவது வேறு. இடுப்பு வலிக்கு ஊசி, முட்டி வலிக்கு மாத்திரை என்று வாங்கி விழுங்கி, கிட்னியைக் கெடுத்துக்கொண்டவர்கள் நம் தெருக்களில் உண்டு. அது சௌகரியமல்ல, தற்கொலை. நான் கேட்பது, பார்க்க வேண்டிய நேரத்தில் முழுசாகப் பார்ப்பதும், பார்க்கத் தேவையில்லாத நேரத்தில் அலைக்கழிக்காமல் இருப்பதும்தான்.

அரசுக்கும் நான் நன்றி சொல்லவில்லை. 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தை உருவாக்கி, மருந்தைப் பொதுப்பெயரில் மொத்தமாக வாங்கி, இலவசமாகத் தருவது நம் வரிப்பணத்தில். மாத்திரை கொண்டுவரும் பெண்களுக்கு அரசு தருவது சம்பளம் இல்லை, ஊக்கத்தொகை. அதுவும் ஒரு பொங்கல் வேட்டிதான். அவர்கள் நிரந்தரப் பணி கேட்டால் நாம் கூட நிற்க வேண்டும்.

எங்கள் தெருவில் ஒரு அக்கா. போக வர நேரமில்லை என்று பிரஷர் மாத்திரையை நிறுத்தினார். ஒரு அறுப்பு நேரத்தில் வரப்பிலேயே விழுந்தார். ஒரு பக்கம் கை கால் இழுத்துவிட்டது. இனி அரிவாள் பிடிக்க முடியாது. சௌகரியம் இல்லாததன் விலை இது. தோழர்களே, தீர்மானம் போடுவதற்கு முன்னால் உங்கள் சேரியில் வீடு வீடாகப் போங்கள். யார் மாத்திரையை நிறுத்தியிருக்கிறார்கள், ஏன் நிறுத்தினார்கள் என்று கேட்டு எழுதுங்கள். திட்டத்தில் பெயர் இல்லாதவர்களின் பெயரைப் பதிய வையுங்கள். டாக்டரிடம் போகிற அம்மாவோடு கூடப் போய், “படிக்கிற மாதிரி எழுதுங்க, மூணு மாசத்துக்கு எழுதுங்க, கால பாருங்க” என்று சொல்லுங்கள். குனிந்து சொல்லாதீர்கள்.

பழைய டாக்டரை மறுபடி மேடையில் பார்த்தேன். கை கொடுத்தார். கொடுத்தேன். “மறந்துட்டீங்களே தோழர்” என்றார். இந்த முறை நான் சிரிக்கவில்லை.