சாதி கேட்காத வலைப்பின்னல் 32 ஈதர் கேட்டது

"பிளாக்செயினில் சேர யாரும் பெயர் கேட்பதில்லை, ஊர் கேட்பதில்லை, சாதி கேட்பதில்லை. அப்படியென்றால் அது நமக்கான இடம்தானே தோழர்?" வாசிப்பு வட்டத்தில் இளைய தோழர் ஒருவர் கேட்டார். கணினி வலைப்பின்னல்களில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன் என்பதால் கேள்வி என் பக்கம் வந்தது. அவர் சொன்னது உண்மைதான், சாதி கேட்பதில்லை. ஆனால் வேறொன்றைக் கேட்கிறது.

ஒரு பொது வலைப்பின்னல் பிறந்ததை நான் அருகிலிருந்து பார்த்தது 2020இல், எத்திரியத்தின் பீக்கன் செயின் தொடங்கியபோது. வங்கிக் கணக்கை வங்கி எழுதுகிறது. இங்கே கணக்கை எழுதுவதும் சரிபார்ப்பதும் உலகெங்கும் இருக்கும் கணினிகள். அவற்றை இயக்குகிறவர்களுக்கு வேலிடேட்டர் என்று பெயர். பொய்க் கணக்குக்கு ஒத்துப்போனால் பறிபோகும்படி அவர்கள் ஒரு பிணைத்தொகை கட்ட வேண்டும். எத்திரியம் வைத்த பிணை 32 ஈதர்.

நவம்பர் 4 அன்று பிணை கட்டும் ஒப்பந்தம் திறக்கப்பட்டது. 16,384 பிணைகள், அதாவது 5,24,288 ஈதர், 24ஆம் தேதிக்குள் சேர்ந்தால் டிசம்பர் 1 அன்று தொடக்கம். சேராவிட்டால் தள்ளிப்போகும். கடைசி வாரம் பிறக்கும்வரை பாதிகூடத் தேறவில்லை. பிறகு இரண்டு மூன்று நாட்களில் கொட்டித் தீர்த்தார்கள். டிசம்பர் 1, நம் நேரப்படி மாலை 5.30க்கு 21,063 வேலிடேட்டர்களோடு அது ஓடத் தொடங்கியது. பொத்தானை அழுத்த யாரும் இல்லை, ரிப்பன் வெட்டவும் யாரும் இல்லை. ஒருவரையொருவர் அறியாத கணினிகள் குறித்த நொடியில் விழித்து, 12 நொடிக்கு ஒரு பிளாக் என்று எழுத ஆரம்பித்தன. மூன்றில் இரண்டு பங்கு பிணை ஒப்பினால் அந்தக் கணக்கு உறுதி. அன்று மாலை எனக்குச் சிலிர்த்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

ஆனால் நான் வேடிக்கை பார்த்தவன்தான். 32 ஈதரின் அன்றைய விலை ஏறக்குறைய 14 லட்சம் ரூபாய். அப்போது என் ஆய்வு உதவித்தொகை மாதம் 31,000 ரூபாய், அதுவும் வருகிற மாதத்தில். சாப்பிடாமல் சேர்த்தால் 45 மாதம். கட்டிய பிணையைத் திரும்ப எடுக்கும் வழி 2023 ஏப்ரலில்தான் திறந்தது.

அதற்கு முன், ஆகஸ்டில், மெடல்லா என்ற சோதனை வலைப்பின்னல் நடந்தது. அங்கே ஈதர் இலவசம், மதிப்பும் இல்லை. ஊரடங்கில் ஊரில் இருந்த நான் பழைய கணினி ஒன்றில் வேலிடேட்டர் ஓட்டினேன். மின்சாரம் போகும், தண்டம் விழும், ஆனால் சிறிய தண்டம். தனியாக ஒருவர் தவறினால் அதிகம் போகாது. விதியை மீறியவர்கள் ஒரே நேரத்தில் பலராக இருந்தால் ஒவ்வொருவருக்கும் தண்டனை கூடும். கூட்டாக மோசடி செய்கிறவனுக்குக் கடுமை, தனியாகச் சறுக்கியவனுக்கு இரக்கம். நம் ஊர்ப் பஞ்சாயத்துகள் எத்தனையில் இந்த நியாயம் உண்டு? ஆகஸ்ட் 14 அன்று பெரும்பாலோர் ஓட்டிய ஒரே மென்பொருள் தப்பான கடிகாரத்தை நம்பியதில் மெடல்லா நாள்கணக்கில் நிலைகுலைந்தது. எல்லோரும் ஒன்றையே சார்ந்திருப்பதன் ஆபத்து அந்தப் பொறியாளர்களுக்கு அப்போது நன்றாகவே உறைத்தது. கணினி விஷயத்தில் உறைத்தது பணத்தின் விஷயத்தில் உறைத்ததா என்பதுதான் என் கேள்வி.

எத்திரியத்தின் முதல் கணக்குப் பக்கத்தை ஜெனிசிஸ் என்பார்கள். பைபிளின் ஆதியாகமத்துக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர். 2015 ஜூலையில் அந்தப் பக்கத்திலேயே 7.2 கோடி ஈதர் எழுதப்பட்டிருந்தது. 6 கோடி முந்தைய ஆண்டு முன்விற்பனையில் வாங்கியவர்களுக்கு, 1.2 கோடி அறக்கட்டளைக்கும் ஆரம்பப் பங்களிப்பாளர்களுக்கும். இன்று இருக்கும் மொத்த ஈதரே சுமார் 12 கோடிதான். இடையில் மைனிங் மூலம் புதியவர்களுக்கும் போனது, மறுக்கவில்லை. ஆனால் விலையைப் பாருங்கள். 2014 முன்விற்பனையின் தொடக்கத்தில் ஒரு பிட்காயினுக்கு 2,000 ஈதர். அந்தக் கணக்கில் 32 ஈதர் ஏறக்குறைய 600 ரூபாய்.

"துணிந்தவனுக்குக் கிடைத்தது, அதுதான் தகுதி" என்பார்கள். இந்தச் சொல்லை நாம் வேறு இடங்களிலும் கேட்டிருக்கிறோம். 2014இல் நான் கல்லூரி மாணவன். 600 ரூபாய் எப்படியாவது புரட்டியிருப்பேன். செய்திதான் என்னிடம் வந்து சேரவில்லை. பிட்காயின் வைத்திருந்த நண்பன் இல்லை, அந்த ஆங்கிலம் பேசும் அறை இல்லை, சொல்லிக் கொடுக்க ஒரு மாமன் இல்லை. செய்தி யார் வீட்டுக் கதவை முதலில் தட்டுகிறது என்பதில்தான் பரம்பரைச் சொத்து ஒளிந்திருக்கிறது.

பிணையே கூடாது என்று நான் சொல்லவில்லை. பெயர் கேட்காத இடத்தில் ஒருவனே பத்தாயிரம் முகமூடி போட்டு வராமல் தடுக்க ஏதோ ஒரு செலவு வேண்டும். ஆனால் அந்தச் செலவைப் பணமாக வைத்தால் கணக்கு எழுதும் உரிமையும் பணத்தின் அளவுக்கே போகும். 32 இல்லாதவர்களிடம் சில்லறை வாங்கிச் சேர்த்துக் கட்டும் இடைத்தரகர்கள் உடனே முளைத்தார்கள். அவற்றில் பெரியதான லிடோ 2023இல் மொத்தப் பிணையில் மூன்றில் ஒரு பங்கை நெருங்கியது. அதன் வேலிடேட்டர்களை யார் இயக்குவது என்பதை அதன் நிர்வாக டோக்கன் வைத்திருப்பவர்கள் வாக்களித்து முடிவு செய்தார்கள். சில்லறை கொடுத்தவருக்கு அப்போது வட்டி இருந்தது, வாக்கு இருக்கவில்லை.

அந்த இளைய தோழர் போன வாரம் புதிய வலைப்பின்னல் ஒன்றின் விளம்பரத்தை அனுப்பியிருந்தார். எல்லோரும் வேலிடேட்டர் ஆகலாமாம். அதை நடத்துகிறவர்களுக்கு இரண்டு கேள்விகள் எழுதி அனுப்பினோம். ஜெனிசிஸ் பட்டியலில் யார் யாருக்கு எவ்வளவு? தொடங்கும் நாளில் எத்தனை பேர் சேர்ந்தால் மூன்றில் இரண்டு பங்கு ஆகும்? வெள்ளையறிக்கையின் இணைப்பைத் திரும்ப அனுப்பியிருக்கிறார்கள். 40 பக்கம். அதில் பட்டியல் இல்லை. மறுபடி கேட்டிருக்கிறோம்.