திருச்சி வெயிலுக்கு ஓட்டு வீடு சரிப்படுமா?

ஸ்ரீரங்கம் கோயில் மதில்களுக்கு இடையே உள்ள உத்திர வீதிகளிலும் சித்திரை வீதிகளிலும் பழைய ஓட்டு வீடுகள் ஒவ்வொன்றாக மாடி வீடுகளாகின்றன. அதே நேரம், திருச்சி புறநகரில் புது வீடு கட்டுகிற இளம் தம்பதிகள் பலர், “மேல மங்களூர் ஓடு போட்டுடலாம், கூலா இருக்கும்” என்கிறார்கள். கத்திரியில் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊரில் நியாயமான ஆசைதான். ஆனால், எந்த ஓட்டுக் கூரை?

பலரும் கட்டுவது கான்கிரீட் தளத்தைச் சாய்வாக வார்த்து, அதன் மேல் சிமென்ட் கலவையில் ஓடு ஒட்டுவது. பார்க்க அழகு. வெயிலை நேராக வாங்காததால் தளத்தின் சூடு ஓரளவு குறையலாம். பழைய வீட்டுக் குளிர்ச்சி மட்டும் வராது. காரணம், அந்தக் குளிர்ச்சி களிமண்ணில் இல்லை. ஓடுகளுக்கு நடுவே இருக்கும் இடுக்கில் இருக்கிறது.

ஸ்ரீரங்கத்துப் பழைய வீடுகள் குறுகலாக, நீளமாக, பக்கத்து வீட்டோடு ஒட்டியவை. பக்கவாட்டில் ஜன்னல் வைக்க வழியில்லை. வாசல், கொல்லை, நடுவில் முற்றம் வழியாகக் காற்று வரும். மேலே எழும் சூடான காற்று ஓட்டு இடுக்கு வழியே போய்விடும். கான்கிரீட் போடும்போது பலர் முற்றத்தையும் சேர்த்து மூடிவிடுகிறார்கள். பிறகு ஏசி வாங்காமல் என்ன செய்வது?

எடையும் ஒரு விஷயம். 10 செ.மீ. கான்கிரீட் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 250 கிலோ. மங்களூர் ஓடு, சட்டத்தைக் கழித்தால், சுமார் 40 கிலோதான். பகல் முழுக்கச் சூட்டை வாங்கும் கனத்த தளம், ராத்திரியில் அதைப் படுக்கையறைக்குள் இறக்கும். ஓடு வெயில் தாழ்ந்ததும் சீக்கிரம் ஆறிவிடும்.

இதையே நம்ம ஊர்ப் பாரம்பரியம் என்று விற்கிறார்கள். உண்மையில் மங்களூர் ஓடு, 1865-இல் பாசல் மிஷனைச் சேர்ந்த ஜெர்மானியர் தொடங்கிய தொழிற்சாலைப் பொருள். குயவர்கள் வனைந்த அரைக்குழாய் நாட்டு ஓடுதான் அதற்கும் மூத்தது.

ஓட்டின் சங்கடங்களும் கொஞ்சமல்ல. மழை ஓட 25, 30 டிகிரி சரிவு வேண்டும். மரம் விலை அதிகம் என்பதால் இப்போது இரும்புக் குழாய்ச் சட்டம்தான் பலருக்குக் கட்டுப்படியாகிறது. உடைந்த ஓட்டை மாற்றத் தெரிந்த ஆள் கிடைப்பது அரிது. குரங்கு ஏறினால் கணக்கே இல்லை. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவில் ஓடுகளைப் பிய்த்தெறிந்ததையும் மறக்க முடியாது. நாளை மாடி எழுப்ப முடியாது. வடாம் காய வைக்க மொட்டைமாடியும் இருக்காது.

அரசின் கணக்கிலும் கான்கிரீட்தான் முன்னே நிற்கிறது. கிராமப்புறங்களுக்கான கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை.

ஏசியை நம்பித்தான் தூங்கப் போகிறோம் என்றால் திறந்த ஓட்டுக் கூரை வீண். இடுக்கு வழியே குளிர்ந்த காற்றும் போய்விடும், கீழே உள்கூரை அடிக்க வேண்டிவரும். அவர்களுக்குக் கான்கிரீட் தளத்தின் மேல் வெள்ளைக் கூலிங் டைல்ஸ் பதிப்பதே சிக்கனம். கூடமும் தாழ்வாரமும் காற்றோட்டமாக வேண்டும் என்றால், அங்கே மட்டும் சட்டம் கட்டி ஓடு போடலாம். ஒட்டு ஓடா, சட்டத்து ஓடா என்பதை வரைபடம் போடும்போதே இன்ஜினியரிடம் சொல்லிவிட வேண்டும். தளம் வார்த்த பிறகு இடுக்கு விட முடியாது.