வீட்டுக்கு வீடு: சாம்பலுக்கு ஒரு டப்பா

கொருக்குப்பேட்டையில் கரி இஸ்திரி வண்டியும் விறகடுப்பு இட்லிக் கடையும் இன்னும் இருக்கின்றன. வேலை முடிந்ததும் சாம்பலை அள்ளி பிளாஸ்டிக் வாளியிலோ, தெருமுனைக் குப்பைத் தொட்டியிலோ கொட்டுகிறோம். மேலே வெள்ளையாக இருந்தாலும் உள்ளே கங்கு உயிரோடு இருக்கும். சாம்பல் போர்வை போல அதன் சூட்டைக் காக்கிறது. நான்கு நாள் வரைகூடத் தீப்பிடிக்கலாம் என்று அமெரிக்கத் தீத்தடுப்பு அறிவுரைகள் எச்சரிக்கின்றன. சுவரோடு சுவர் ஒட்டிய நம் தெருக்களில் ஒரு கங்கு போதும். குப்பை எரிந்தால் புகை எப்படி இருக்கும் என்பது கொடுங்கையூர் குப்பைக்கிடங்கின் பக்கத்தில் இருக்கும் நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பக்கத்து வெல்டிங் பட்டறையில் இப்படிச் சொல்லிச் செய்யுங்கள்:

* 16 கேஜ் இரும்புத் தகடு, சுமார் 1.6 மி.மீ. கனம்.
* அடியில் இரண்டு அங்குலக் கால்கள். தரை சுடாது, அடித்தகடும் ஈரத்தில் துருப்பிடிக்காது.
* வெளிப்பக்கம் மடிந்து இறுக மூடும் மூடி. காற்று போகாவிட்டால் கங்கு அணையும், மழைநீரும் இறங்காது.
* மூடிக்கும் டப்பாவுக்கும் தனித்தனிக் கைப்பிடி.

ஓட்டை எதுவும் போடாதீர்கள். பெயின்ட், கெமிக்கல் இருந்த டிரம்மை வெட்டிச் செய்யவும் வேண்டாம். சூடான சாம்பலில் தண்ணீரைக் கொட்டினால் ஆவியும் சாம்பலும் முகத்தில் அடிக்கும். கங்கிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும் என்பதால் டப்பா எப்போதும் வீட்டுக்கு வெளியேதான், துணி, விறகுக்குத் தள்ளி.

நான்கு நாள் ஆறிய சாம்பல் பாத்திரம் தேய்க்க உதவும். அதுவரை மூடியைத் திறக்காதீர்கள். அன்றாடச் சாம்பலுக்கு இன்னொரு டப்பா வைத்துக்கொள்ளுங்கள்.